ஒன்றாம் நம்பர் பலகை

மக்களே தாணு,

உன் தபால் கார்டு எனக்குக் கிடைப்பதற்கு முன்னால் பக்கத்து வளவு பாருக்குட்டி அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. தபால்காரர் வெயிலில் வயல் வரப்பு தாண்டி வருகிறவர். அவள் வீட்டில் மோர் குடிக்க உட்காருவார். மோருக்குப் பதிலாக, அன்றைக்கு இந்தப் பக்கத்துக்கு வந்த கார்டுகளை வாசித்துக் காட்டுவார். நான் சர்க்கார் கச்சேரி விட்டு, பாப்பனங்கோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையும் நானுமாக ஒன்றரை மைல் நடந்து வருகிறேன், அவள் வேலிக்கு அந்தப் பக்கம் தயாராக நிற்கிறாள். "சாரே, மோனுக்குக் கல்யாணம். சித்திரைக் கடைசியில். பெண்ணு பம்பாயிலேயே உள்ளது, பேரு சரஸ்வதி. பாக்கி சார் வாசிச்சோ" என்றாள். பாக்கி என்று அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "சௌகரியப்பட்டால் வரவும்."

இருபத்தேழு வருஷமாகச் சர்க்கார் ரிக்கார்டு அறையில் தூசி தின்கிறவன் நான். 'சௌகரியப்பட்டால்' என்ற சொல்லை நானே எத்தனையோ கடிதத்தில் போட்டிருக்கிறேன். வா என்று சொல்ல மனமில்லாதவருக்கும், வராதே என்று சொல்ல வாய் வராதவருக்கும் சர்க்கார் கண்டுபிடித்துக் கொடுத்த சொல் அது. நீ இதில் எந்த வகை என்று மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். பிறகு, எந்த வகையானால் என்ன, போவது என்று தீர்மானித்தேன். சௌகரியம் பார்த்திருந்தால் நான் உன் அம்மையையே கட்டியிருக்க முடியாது. ஆகவே வருகிறேன். மூன்றாம் வகுப்பில், கரி படிந்த முகத்தோடு, பலாக்காய் வற்றலும் கொண்டு வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாராவது வந்தால் சந்தோஷம்.

ஆனால் வருவதற்கு முன் சில விஷயங்களை எழுதிவிட வேண்டும். நேரில் பார்த்தால் நான் ஏதாவது விகடம் சொல்லிவிடுவேன். காகிதத்தில் என்றால் திரும்ப வாசித்துப் பார்த்து அடித்துவிடலாம். இதுவரை நான்கு தாள் கிழித்தாயிற்று. அதையும் மீறித் தப்பி வந்ததைப் பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். சரஸ்வதியும் இதை வாசிக்கட்டும். மாமனாரைப் பற்றி ஊரார் சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிட, மாமனாரே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டால் நல்லது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்துமூன்றாம் நம்பர் பலகையை மடியில் வைத்து அதன்மேல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பலகை ஏன் என் மடியில் இருக்கிறது, இருக்கவேண்டிய இடத்தில் ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

உன் அம்மை காய்ச்சலில் போன ஆறாம் மாதம் நான் இந்த வீட்டை வாங்கினேன். அப்போது நாம் வாடகைக்கு இருந்த கரமனைத் தெருவில் அதற்கு மூன்று காரணம் சொன்னார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். ரகசியமாக இரண்டாம் கல்யாணம் ஆகிவிட்டது, பெண் ஆற்றுக்கு அக்கரையில் என்றார்கள். வீட்டுக்குள் பழைய காலத்துப் பொன் புதைந்து கிடக்கிறது, ரிக்கார்டு அறையில் ஏதோ ஓலை கிடைத்திருக்கிறது இவனுக்கு என்றார்கள். இரண்டாவதைக் கேட்டு நான் கண்ணாடியில் ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மைக் காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும். கரமனை வாடகை வீட்டில் எல்லாம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. உப்பு ஜாடியை எடுத்து உபயோகித்துவிட்டு நீயும் அதே வட்டத்தடத்தில் திரும்ப வைப்பாய், நானும் வைப்பேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டோம். சாப்பாட்டில் பேச்சே கிடையாது. எல்லாம் உடைந்து கிடக்கிற ஒரு வீடு இருந்தால், இரண்டு ஆண்பிள்ளைகள் பேசாமலே சேர்ந்திருக்க ஒரு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். இது புத்தி பிசகலா இல்லையா என்று நீயே சொல்.

உடைந்து கிடப்பதில் வீடு குறை வைக்கவில்லை. இருநூறு வருஷத்து வீடு. ஒரு நாயர் குடும்பம் நெல் விளைவித்து வாழ்ந்த இடம். அவர்கள் பங்கு பிரிந்து போனபின் முப்பது வருஷம் வௌவால்களும் ஒரு மரநாயும் சண்டையில்லாமல் அனுபவித்து வந்தன. ஓலைக் கூரையில் வானம் தெரிந்தது. மண் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. நல்லதாக இருந்தது ஒன்றுதான். வீட்டின் நடுவில், நெல் போட்டு வைக்கிற மர அறை. சரஸ்வதி, நீ பம்பாய்ப் பெண், பார்த்திருக்க மாட்டாய். நான்கு சுவரும் தரையும் மேல்தட்டும் பலாப் பலகை, ஒரு ஆணி கிடையாது. ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையின் ஓரத்தில் வெட்டின பள்ளத்தில், அதாவது காடியில், இறங்கி நிற்கும். ஒவ்வொரு சுவருக்கும் கடைசியாக இறங்குகிற பலகை மற்றதையெல்லாம் பூட்டும். வீட்டின் மாடித்தட்டும் கூரைப் பாரத்தில் பாதியும் அந்த அறையின் தலையில்தான். அறைதான் வீடு. மற்றதெல்லாம் குளிருக்கு அதன்மேல் போர்த்திய துப்பட்டி.

குஞ்ஞன் ஆசாரி முதல் நாள் வந்தது ஞாபகம் இருக்கிறதா? வீட்டைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். முழக்கோலால் அளந்தார். அறைப் பலகையை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சாரே, வீடு கொள்ளாம், நல்ல வீடு. கூரை போயி, சுவர் போயி, கதவு போயி. பாக்கி எல்லாம் நல்லதாக்கும்" என்றார். எனக்கு அந்த மனுஷனை அப்போதே பிடித்துவிட்டது. என் வயதுதான். என்னைப் போலவே மெலிந்த ஆள். ஆனால் அவர் வேடிக்கை பேசினால் வேலை நடக்கும், நான் பேசினால் வேலை நின்றுபோகும்.

முதல் வருஷம் கூரை. கையிருப்பு கிழக்குப் பக்கத்தோடு தீர்ந்ததால் அந்தப் பக்கம் ஓடும் மேற்கில் ஓலையுமாக, பாதி மீசை சிரைத்தவன் மாதிரி வீடு நின்றது. இரண்டாம் வருஷம் தரை. கரியும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் நீ முழங்காலில் நின்று தேய்த்தாய். கறுப்பாகப் பளபளவென்று, குனிந்தால் மூக்கு தெரிந்தது. மூன்றாம் வருஷம் நிலையும் கதவும். என் பங்குக்கு நான் எருமைத் தொழுவத்துக்கு ஒரு கதவு செய்தேன். எருமை அதை ஒரு வாரம் மரியாதைக்காக மதித்தது. உன் கை வேறு மாதிரி. காலேஜுக்குப் போய்வந்த கை, உளியைப் பிடித்ததும் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஒரு சாயங்காலம் நான் வரும்போது அறையின் தெற்குச் சுவரை நீ ஒருவனாகக் கழற்றி, கறை சுரண்டி, எண்ணெய் பூசித் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாய். ஆசாரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன ஆசாரி, கூலி உமக்கா அவனுக்கா?" என்று கேட்டேன். "சாரே, பலகை மோன் கைக்கு வழங்குது, சொன்னபடி கேக்குது. என் கைக்கு வழங்க அது பத்து வருஷம் எடுத்தது" என்றார். அந்த மாதத்தில் நான்கு சுவரையும் ஒவ்வொன்றாக நீ அப்படி இறக்கி ஏற்றினாய். உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று நாம் இரண்டு பேரும் தேட ஆரம்பித்திருந்தோம். வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை நான் என்ன செய்தேன் என்றால், விகடமாக மாற்றிக் கரமனைத் தெருவில் வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தேன். நேராக 'என் மகன் கெட்டிக்காரன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அப்பாவுக்கும் வராது. அவர் என்னை ஒரே ஒரு தடவை புகழ்ந்தார், அதுவும் வேறொரு பையனைத் திட்டும்போது.

சங்கரலிங்கம் அண்ணாச்சி மகள் கல்யாணப் பந்தியைப் பற்றி நாம் இதுவரை பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். நான் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். நீ இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பாயச வாளியோடு எனக்குப் பின்வரிசையில் வந்துகொண்டிருந்தாய். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பந்தி சிரிக்கிற மும்முரத்தில் இருந்தால் நான் தெரிந்தும் சொல்லியிருப்பேன். அண்ணாச்சி இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "என்னவே, உம்ம மகன் பி.ஏ. முடிச்சிட்டு என்ன செய்யான்?"

"இழைக்கான்."

"என்னத்த?"

"பலகையைத்தான். பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போனா பொண்ணைப் பார்க்க மாட்டான் வே, கதவைத்தான் பார்ப்பான். நிலை கோணலா இருந்தா இந்தச் சம்பந்தம் வேண்டாம்பான். நல்லா இருந்தா கதவைக் கட்டிக் குடுங்கம்பான்."

பந்தி சிரிக்க ஆரம்பித்தது. அதோடு விட்டிருக்கலாம். "தாலிக்கு முடிச்சு எதுக்கு, காடி போட்டு இறக்கிருதேன்னு சொல்லுவான்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். கடைசியாக, "வெள்ளாளன் வீட்டுல ஒரு ஆசாரி பொறந்துட்டான், நான் இனி எந்தப் பந்தியில உட்காரதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன். அண்ணாச்சிக்குப் புரையேறி, இரண்டு பேர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. என் ஆயுளில் அவ்வளவு பெரிய சிரிப்பு நான் வாங்கினதில்லை. பின்வரிசை முடிந்து முன்வரிசைக்கு நீ வந்தாய். ஒவ்வொரு இலையாக, முறை தவறாமல், என் இலைக்கும் வந்தாய். பாயசத்தை விட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடட்டுமா அப்பா?" என்று கேட்டாய். "போதும்" என்றேன். நீ அடுத்த இலைக்குப் போய்விட்டாய். நான் சொன்னது உன்னை மட்டும் சொன்னதல்ல. மூன்று வருஷமாக என் கூரைக்குக் கீழே வேலை செய்த குஞ்ஞன் ஆசாரியையும் சேர்த்துத்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது.

மறுநாள் நீ உன் உளிகளை ஒரு சாக்கில் போட்டு ஆசாரியிடம் கொடுத்துவிட்டாய். "மோன் பரீட்சைக்குப் படிக்கப் போறாராம்" என்று அவர் என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆவணியில் நீ பம்பாய்க்கு வண்டி ஏறினாய். ஸ்டேஷனில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "பம்பாயில கதவுகளெல்லாம் ஜாக்கிரதையா இருக்கணும்." அப்போதும் விட்டேனா பார். நீ சிரித்தாய். மேலதிகாரி வேடிக்கை சொன்னால் நான் கச்சேரியில் சிரிக்கிற சிரிப்பு அது. பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம். கச்சேரி, பஸ், வரப்பு, கஞ்சி. விகடக்காரனுக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டும், மக்களே. உன் அம்மை வாய்விட்டுச் சிரிக்க மாட்டாள், முந்தானையால் வாயை மூடுவாள். அது எனக்குப் போதும். இங்கே பாருக்குட்டி அம்மாவிடம் ஒன்றைச் சொல்லி முடித்தால், கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "பின்னே?" என்பாள். பின்னே ஒன்றுமில்லை, அதுதான் முடிவு என்று நான் விளக்க வேண்டும். இப்போதெல்லாம் சொல்வதில்லை. பஸ்ஸில் ஏதாவது வேடிக்கை பார்த்தால் வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டு வருகிறேன். படலைத் திறந்து உள்ளே வந்ததும் அதை என்ன செய்வது என்று தெரிவதில்லை. கறுப்புத் தரையில் என் மூக்கு மட்டும் தெரிகிறது.

உனக்கு எழுதின கார்டுகளில் எல்லாம் "வீடு நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன். அது பொய். இரண்டு வருஷத்துக்கு முன் அறையின் அடிக்கட்டையில் கரையான் ஏறிவிட்டது. ஆசாரி வந்து பார்த்து, அறை முழுக்க இறக்கி, கட்டையை மாற்றி, திரும்ப ஏற்ற வேண்டும் என்றார். மேல் பாரத்துக்கு நான்கு முட்டுக் கொடுத்து, பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நூற்றுப்பன்னிரண்டு பலகை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பழைய ஆசாரிகள் உளியால் கொத்தி வைத்த அடையாளம் உண்டு, எந்தச் சுவர், எத்தனையாவது என்று. அதைப் பார்த்துத்தான் நீயும் இறக்கி ஏற்றினாய். புதுக் கட்டைக்கு வெட்டின பலாமரம் குளத்துச் சேற்றில் கிடந்து ஊறி, பிறகு நிழலில் காய வேண்டும். அதுவரைக்கும் கொல்லத்தில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று ஆசாரி போனார். போகும்போது, "சாரே, பலகையைத் தொடண்டா" என்று தடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எனக்கு அந்த வருஷம் ஓணத்துக்குப் பத்து நாள் லீவு. பத்து நாளும் நான் அந்தப் பலகைகளைத் தொட்டேன். உன்னைப் போல நானும் ஒன்று செய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. இருநூறு வருஷத்துப் புகைக்கறையைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். ஓரங்களில் இருந்த கொத்துக்களெல்லாம் பல்லி கடித்த மாதிரி அசிங்கமாக இருந்தன, இழைப்புளி போட்டுச் சுத்தமாக இழைத்தேன். எண்ணெய் பூசினேன். அடையாளம் வேண்டுமல்லவா, அதற்கு வெள்ளைச் சாயத்தில், ரிக்கார்டு அறைக் கட்டுகளுக்கு எழுதுகிற அதே அழகான எழுத்தில், ஒவ்வொரு பலகைக்கும் நம்பர் போட்டேன். எப்படிப் போட்டேன்? கூடத்துச் சுவரில் எந்தப் பலகை முதலில் சாய்ந்து நின்றதோ அது ஒன்று, அடுத்தது இரண்டு. கச்சேரியில் காகிதத்துக்கு அப்படித்தான் நம்பர், வந்த வரிசையில். எந்தக் காகிதம் எதற்குச் சொந்தம் என்று பார்ப்பது வேறு செக்ஷன் வேலை. பத்தாம் நாள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். உனக்கு உடனே ஒரு கார்டு எழுதலாமா என்றுகூட நினைத்தேன்.

மாசி மாதம் ஆசாரி வந்தார். ஒன்றாம் நம்பர் பலகையை எடுத்தார். ஓரத்தைத் தடவினார். திருப்பி அந்த ஓரத்தையும் தடவினார். இரண்டாம் நம்பரை எடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொத்து எவிடே சாரே?" என்று கேட்டார். இழைத்துவிட்டேன் என்றேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "சாரே, என் வயசில் ஞான் வீடு தீயில் கத்தினது கண்டிட்டுண்டு, ஆற்றில் போனது கண்டிட்டுண்டு. ஒரு வீட்டை நம்பர் போட்டுக் கொன்னது இப்போதான் காணுறேன்." அன்று முழுக்கச் சேர்த்துப் பார்த்தார். வெளியே பார்க்க எல்லாப் பலகையும் ஒன்று போலிருக்கும், காடியில் நூலளவு நூலளவாக வித்தியாசம். சாயங்காலம் எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கு உடனே ஏற்ற ஒக்காது. மோன் நாலு சுவரும் இறக்கி ஏற்றினதல்லே? எந்தப் பலகை எங்கேன்னு அந்தக் கைக்கு ஓர்மை இருக்கும். எழுதிக் கேளுங்கோ" என்றார்.

எழுதியிருக்க வேண்டியது ஒரு வரி. ஆசாரி ஆகிவிட்டான் என்று பந்தியில் சிரிக்கவைத்தவன், அந்த மகனிடம் போய் 'எந்தப் பலகை முதலில்?' என்று கேட்க வேண்டும். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த வரியை நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பலகைகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். இதுவரை பதினொரு ஜோடி கிடைத்திருக்கிறது. உனக்கும் சரஸ்வதிக்கும் ஜாதகம் பார்த்தவர்கூட இவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார். ஏழும் எண்பத்தொன்றும் சேருகின்றன, உள்ளே இறங்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்துக்காக ஒரு நாள் முழுக்க உட்காரலாம். மடியில் இருக்கிற இந்த நாற்பத்துமூன்று எதனோடும் சேரவில்லை. இதற்கு ஒரு பக்கம்தான் காடி. ஆகவே ஏதோ ஒரு சுவருக்கு இது முதல் பலகை, இல்லாவிட்டால் கடைசிப் பலகை. எது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் போகிற மகனுக்குப் புத்தி சொல்வது வழக்கம். சொல்லாவிட்டால் அப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைப்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நான் செய்யாததைத்தான் சொல்கிறேன். சரஸ்வதி எதிலாவது கெட்டிக்காரியாக இருந்தால் அதை அவளிடமே சொல். மற்றவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லி அது சுற்றி வந்து அவள் காதில் விழட்டும் என்று விடாதே. சுற்றி வரும்போது அதன் முகம் மாறிவிடுகிறது. வீடு முழுசாக ஆகட்டும், பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளி வைக்காதே. எட்டு வருஷத்துக்கு மேலாக ஒரு வீட்டைச் சரிபண்ணுகிறவன் சொல்கிறேன், ஆகாது. கிழக்குக் கூரையில் ஓடு போட்டு முடிக்கும்போது மேற்கில் ஓலை இற்றுப்போயிருக்கும். ஒழுகுகிற பக்கத்தில் உட்கார்ந்தேதான் பேச வேண்டும். அவள் கொத்தி வைத்த அடையாளம் ஏதாவது உனக்கு அசிங்கமாகத் தெரிந்தால், இழைப்பதற்கு முன்னால் அது எதற்கு என்று கேள். அவ்வளவுதான். சரஸ்வதி, உனக்கும் ஒன்று. இவன் கோபம் வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான், இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்பான். அப்போது 'போதும்' என்று சொல்லிவிடாதே.

இனி கேட்க வேண்டியது. முட்டுக் கொடுத்து நிற்கிற மேல்தட்டு போன மழைக்கே முனகியது. இன்னொரு மழை தாங்காது என்று ஆசாரி சொல்கிறார். தாங்காவிட்டால் அறை மட்டுமில்லை, நீ முழங்காலில் நின்று தேய்த்த தரைமேல்தான் எல்லாம் வந்து விழும். கல்யாணம் முடிந்ததும் என்னோடு இரண்டு பேரும் புறப்பட்டு வாருங்கள். ஒரு மாதம் வேண்டாம், பத்து நாள். ஒன்றாம் பலகை எது என்று எனக்குக் காட்டிக் கொடு. நான் பலகை தூக்குகிறேன், வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் சரஸ்வதியைவிட்டு ஒரு பலகையால் அடிக்கச் சொல்.

கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பொய் சொன்னேன் என்று ஒரு தரம் எழுதிவிட்டு இன்னொன்றை மறைத்தால் நன்றாக இருக்காது. உன் கார்டு வந்த மறு வாரம் குஞ்ஞன் ஆசாரி வந்தார். கொல்லத்து வேலையெல்லாம் முடிந்தது, கையில் நாள் இருக்கிறது என்றார். "நான் கண்டுபிடிச்ச பதினொண்ணு ஜோடி இருக்கு ஆசாரி" என்று காட்டினேன். பலகைக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார், தடவினார். "இது போதும் சாரே. இனி பாக்கி பிடி கிட்டும். மூணு நாள் தந்தால் ஞான் ஏற்றித் தரலாம்" என்றார்.

மூன்று நாள். நான் தாழ்வாரத்துப் பக்கம் கையைக் காட்டினேன். பிறகு சொன்னேன், "வேண்டாம் ஆசாரி. அடிக்கட்டை இன்னும் காயலை."

கட்டை தாழ்வாரத்தில் கிடக்கிறது. காய்ந்து ஒரு வருஷம் ஆகிறது. நான் அதன்மேல் உட்கார்ந்துதான் தினமும் காப்பி குடிக்கிறேன். ஆசாரி அதன் பக்கத்தில் போய்க் குனிந்து விரல் முட்டியால் தட்டினார். கணீரென்று கேட்டது, பாருக்குட்டி அம்மாவுக்கே கேட்டிருக்கும். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "மோன் எப்போ வரும்?" என்று கேட்டார். தெரியாது, இனிமேல்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ஒரு தரம் கட்டையைத் தட்டினார்.

"சரியாக்கும் சாரே. காய்ஞ்சிட்டில்லை" என்றார்.

வெற்றிலை போட்டுக்கொண்டு, ஊர்க்கதை நான்கு பேசிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வரும்போது தோளில் ஒரு சாக்கு இருந்தது. போகும்போது இல்லை. அவர் படலைத் தாண்டியபின் உள்ளே போய்ப் பார்த்தேன். அறை இருந்த இடத்தில், நடு முட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறது. உன் உளிச் சாக்கு. ஐந்து வருஷத்து உளி, ஒன்றில்கூடத் துரு இல்லை, எண்ணெய் தடவி வைத்திருக்கிறார். கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்று வாசலுக்கு ஓடினேன். அவர் வரப்பில் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். நானும் கூப்பிடவில்லை.

இடவப்பாதி மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது.

உன் அப்பா